வந்திறங்கியவர்களைக் கீறுதல்: யாழ்ப்பாண வீடொன்றின் நான்கு படங்கள்

சுண்டிக்குளிப் பக்கத்தில் பழைய நாற்சார் வீடொன்றைத் திருத்தி விருந்தினர் விடுதியாக்கினார் ஒரு பெண்மணி. கனடாவில் நீண்ட காலம் இருந்து ஊர் திரும்பியவர். விறாந்தையைத் தாண்டியதும் வரும் கூடத்தின் நான்கு சுவர்களிலும், ஐரோப்பியர் இந்தக் கரைகளுக்கு வந்த கதை படங்களாகத் தொங்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம். அச்சிட்ட படம் வேண்டாம், தூரிகையால் கீறிய படமே வேண்டும் என்றார். வேலை யாழ்ப்பாணத்து ஓவியர் ஒருவரிடம் போயிற்று. கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசியும், திரையரங்குகளுக்குப் பெரிய விளம்பரப் பலகைகள் எழுதியும் கை பழகியவர். பின்னர் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்ததால் எல்லோருக்கும் மாஸ்டர். எந்தப் படத்தை எடுப்பது, எதைப் பார்த்துக் கீறுவது, கீழே என்ன எழுதுவது என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

இந்த வேலையை விவரமாக எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. விடுதிகள், பாடசாலை மண்டபங்கள், தேவாலய மண்டபங்கள் என்று பல இடங்களில் இத்தகைய படங்கள் ஏறுகின்றன. சுவரில் ஏறிய படம் ஒரு தலைமுறைக்குள் சாட்சியாகிவிடுகிறது. அது யாருடைய சாட்சி, எந்த ஆண்டின் சாட்சி என்பதைக் கீறும்போதே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் வந்த சுருள்

மாஸ்டரிடம் வருவதற்கு முன்பே வீட்டுக்காரர் இணையவழியாக வெளிநாட்டுக் கடையொன்றில் ஒரு படம் வாங்கியிருந்தார். போர்த்துக்கேய ஓவியர் ஹொசே வெலோசோ சல்காடோ தீட்டிய, கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின் முன் வாஸ்கோ ட காமா நிற்கும் காட்சியின் எண்ணெய் வர்ண நகல். குழாய்க்குள் சுருட்டி வந்தது. எங்கே கீறப்பட்டது என்று அதில் எழுதியிருக்கவில்லை. உலகச் சந்தைக்கு இத்தகைய நகல்களைத் தயாரிக்கும் இடங்களில் பெயர்பெற்றது சீனாவின் ஷென்சென் நகரிலுள்ள டாஃபென். 1989இல் ஹொங்கொங் வணிகர் ஹுவாங் ஜியாங் அங்கே தொடங்கிய பட்டறை பின்னர் ஒரு கிராமம் முழுவதற்கும் தொழிலாகியது. அங்கே அபாரமான கைகள் உண்டு. கைகளை நான் குறை சொல்லமாட்டேன். குறை அளவில் இருந்தது. மூலப்படத்தின் நீள அகல விகிதத்தைப் பொருட்படுத்தாமல், கடையில் கிடைக்கும் வழக்கமான சட்ட அளவுக்குப் படத்தை ஒடுக்கியிருந்தார்கள். அதற்காக ஓரங்களை வெட்டியிருந்தார்கள்.

வெட்டுப்பட்டவர்கள் யார் என்று பார்த்தோம். அரசவையில் நின்ற ஆட்கள். இத்தகைய படங்களில் நாயகன் நடுவில் நிற்பான், மண்ணுக்குரியவர்கள் ஓரத்தில் நிற்பார்கள். ஆகவே எந்த ஓரத்தை வெட்டினாலும் போவது அவர்கள்தான். மிஞ்சிய முகங்களிலும் வாஸ்கோவின் முகத்துக்கு மூக்கும் நிழலும் இருந்தன. பின்னால் நின்றவர்களுக்கு மண்ணிறத்தில் ஒரு தீற்றல். மாஸ்டர் அதை விரித்து வைத்து நெடுநேரம் பார்த்தார். "அக்கா, இதைத் திருத்த முடியாது. புதிதாகக் கீறித் தருகிறேன்" என்றார்.

1898இல் தீட்டிய 1498

சல்காடோவின் படம் 1898இல் தீட்டப்பட்டது. லிஸ்பன் புவியியல் சங்கத்தில் இருக்கிறது. வாஸ்கோவின் பயணத்துக்கு நானூறு ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்ட ஆண்டு அது. சாய்ந்து அமர்ந்த அரசரின் முன்னே மாலுமி நிமிர்ந்து நிற்கிறான்; அவை முழுவதும் அவன் சொல்வதைக் கேட்கிறது. படத்தைப் பார்ப்பவர் ஒரு பேரரசின் தொடக்கத்தைக் காண்பதாக உணரவேண்டும் என்றே காட்சி அடுக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பயணத்தில் கூடவே போன ஒருவர் எழுதிய நாட்குறிப்பு எஞ்சியிருக்கிறது. அதை வாசித்தால் வேறொரு காட்சி தெரிகிறது. 1498 மே 20ஆம் திகதி கப்பல்கள் கோழிக்கோட்டுக்கு அண்மையில் நங்கூரமிட்டன. முதலில் கரைக்கு அனுப்பப்பட்டவர் வாஸ்கோ அல்லர். கப்பலில் கொண்டுவந்திருந்த தண்டனைக் கைதி ஒருவர். கரையில் அவருடன் பேசியவர்கள் ஐரோப்பிய மொழி தெரிந்த துனிசிய முஸ்லிம்கள் இருவர். எந்தப் பிசாசு உன்னை இங்கே கொண்டுவந்தது என்ற தொனியில் அவர்கள் கேட்க, கிறிஸ்தவர்களையும் வாசனைத் திரவியங்களையும் தேடி வந்தோம் என்ற மறுமொழி போயிற்று. அரசரைக் காண்பதற்கு மேலும் ஒரு வாரம் சென்றது. போகும் வழியில் ஒரு கோயிலைத் தேவாலயம் என்று எண்ணி அவர்கள் வணங்கினார்கள். சாமூதிரி பச்சை வெல்வெட் விரித்த மஞ்சத்தில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார், கையில் பொற்படிக்கம்.

மறுநாள் பரிசுப்பொருள்கள் எடுத்து வைக்கப்பட்டன. கோடிட்ட துணி 12, சிவப்புத் தலைமூடி 4, தொப்பி 6, பவளச் சரம் 4, கைகழுவும் பாத்திரங்கள் 6 அடங்கிய பெட்டி, ஒரு பெட்டி சீனி, எண்ணெய் 2 பீப்பா, தேன் 2 பீப்பா. அரசரின் அதிகாரிகள் அவற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். மக்காவிலிருந்து வரும் மிக ஏழையான வணிகன்கூட இதைவிடக் கூடுதலாகக் கொடுப்பான் என்றார்கள். இவை மன்னனின் பரிசு அல்ல, என் சொந்தப் பொருள்கள் என்று வாஸ்கோ சமாளிக்க வேண்டியதாயிற்று.

சல்காடோவின் படத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. நானூறு ஆண்டு விழாவுக்கு அது ஏற்றதாகவும் இருந்திருக்காது. மற்ற நாடுகளின் வந்திறங்கல் படங்களும் இப்படித்தான் பிறந்தன. கொலம்பஸ் 1492இல் இறங்கியதை ஜோன் வாண்டர்லின் தீட்டி, அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாட மண்டபத்தில் 1847இல் வைத்தார்கள். 355 ஆண்டு இடைவெளி. குக் 1770இல் பொட்டனி விரிகுடாவில் இறங்கியதை இ. பிலிப்ஸ் ஃபொக்ஸ் 1902இல் தீட்டினார்; அவுஸ்திரேலியா ஒரே கூட்டாட்சியாகி அப்போது ஓர் ஆண்டு. பிரேசிலின் முதற் கத்தோலிக்கப் பூசையை விக்டர் மெய்ரெல்லெஸ் தீட்டியது, பூசை நடந்து மூன்றரை நூற்றாண்டு கழித்து. கரையில் நின்று பார்த்துக் கீறிய ஒருவரும் இவர்களில் இல்லை. தீட்டப்பட்ட காலத்தில் அந்த நாடுகள் தங்களைப் பற்றி என்ன நினைக்க விரும்பின என்பதை இப்படங்கள் நன்றாகச் சொல்கின்றன.

திருத்தலாமா

பரிசுப்பொருள்களின் கதையை நான் சொன்னதும் மாஸ்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தரைவிரிப்பின் மேல் ஆறு தொப்பிகளையும் கைகழுவும் பாத்திரங்களையும் வைத்துவிடலாம், அதிகாரிகளின் வாயில் ஒரு சிரிப்பையும் போட்டுவிடலாம் என்றார். வீட்டுக்காரருக்கும் அது பிடித்துப்போயிற்று. "நகல்தானே, எங்களுக்குச் சரியாகப்படுவது போல் கீறினால் என்ன?" என்று கேட்டார்.

நான் மறுத்தேன். இந்த வேலை முழுவதிலும் நான் விட்டுக்கொடுக்காமல் நின்ற இடம் இதுதான். சிரிப்பைச் சேர்த்த படத்தைச் சல்காடோவின் பெயரில் மாட்டினால், 1898இல் லிஸ்பனில் ஒருவர் அந்த அவமானத்தை ஒப்புக்கொண்டு தீட்டினார் என்று பார்ப்பவர் நம்புவார். உண்மையில் அவர் அதை மறைத்துத் தீட்டினார். மறைத்தது என்பதே இந்தப் படத்தின் மிக முக்கியமான செய்தி. எங்கள் கையால் திருத்தினால் அந்த மறைப்பை நாங்களே அழித்தவர்களாவோம்; குற்றம் செய்தவருக்கு வேலை மிச்சம். நகல் என்று சொன்னால் பொய்யும் சேர்த்தே நகலாக வேண்டும். எங்களுக்குச் சொல்ல மறுமொழி இருந்தால் அதை வேறு துணியில், எங்கள் பெயரில், எங்கள் ஆண்டில் சொல்லலாம்.

மாஸ்டர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கோயில் வேலையில் பழையதைப் புதுப்பிக்கும்போது கையும் கருத்தும் சேர்ந்தே போகும். வாகனத்துக்கு மறுபடி வர்ணம் பூசுபவர் முந்தியவரின் நிழல்களை அப்படியே காப்பாற்றவேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. அந்த மரபிலிருந்து பார்த்தால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் நான்காவது சுவர் இன்னும் வெறுமையாக இருந்தது. மறுமொழிக்கு அந்தச் சுவரை ஒதுக்கலாம் என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகு முதற்படம் மாற்றமின்றிக் கீறப்படுவதென்று முடிவாயிற்று.

கையின் வேலை

சட்டப்பக்கம் சிக்கல் இருக்கவில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. சல்காடோ 1945இல் இறந்தவர். 2015உடன் அது முடிந்துவிட்டது. மூன்று விதிகளை மட்டும் வைத்தோம். நகலின் அளவு மூலத்தின் அளவாக இருக்கக்கூடாது. மூல ஓவியரின் கையொப்பத்தைக் கீறக்கூடாது. துணியின் பின்பக்கத்தில் நகல் என்றும், நகலெடுத்தவர் பெயரும் ஆண்டும் எழுதவேண்டும்.

நிறம்தான் பெரும் தலைவலி. ஒரே படத்துக்கு இணையத்தில் கிடைத்த ஒவ்வொரு படப்பிடிப்பும் ஒவ்வொரு நிறம். ஒன்றில் எல்லாம் தேன்நிறம், இன்னொன்றில் நீலம் பாய்ந்திருந்தது. பழைய எண்ணெய் ஓவியத்தின் மேற்பூச்சு காலப்போக்கில் மஞ்சளாகும். ஆகவே தேன்நிறத்தில் எவ்வளவு ஓவியருடையது, எவ்வளவு பூச்சுடையது என்று பிரிக்கவேண்டும். வெள்ளைத் துணி, உலோகப் பளபளப்பு போன்ற இடங்களை வெவ்வேறு படப்பிடிப்புகளில் ஒப்பிட்டு ஓர் இடைநிலையைத் தெரிந்தெடுத்தோம்.

தெரிந்தெடுத்த படத்தை அச்சிட்டு இரண்டு சதமமீற்றர்க் கட்டங்கள் கீறினார் மாஸ்டர். துணியில் பன்னிரண்டு சதமமீற்றர்க் கட்டங்கள். ஒளியெறி கருவியால் (புரொஜெக்டர்) படத்தைச் சுவரில் விழுத்தி அப்படியே கோடு பிடிக்கலாம், அது விரைவு. ஆனால் கருவி சற்றுச் சாய்ந்தாலும் ஓரத்து ஆட்கள் நீண்டுவிடுவார்கள். ஏற்கெனவே ஓரத்தவர்கள் பட்டது போதும் என்று கட்டத்துக்கே போனார். விளம்பரப் பலகை எழுதிய காலத்துப் பழக்கம் அது. கட்டத்தைப் பார்க்கும்போது அவருடைய கண் முகத்தைப் பார்ப்பதில்லை, கோடு எந்த மூலையில் நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பதை மட்டுமே பார்க்கும். அதனால் வாஸ்கோவுக்கும் கடைசி வரிசைக் காவலாளிக்கும் ஒரே கவனம் கிடைத்தது.

வெள்ளையும் கவனிக்கவேண்டியதாயிற்று. இன்று கடையில் கிடைப்பது ரைற்றேனியம் வெள்ளை. அது ஓவியர்களின் கைக்கு வந்தது 1920 அளவில்; 1898இல் ஈய வெள்ளையும் நாக வெள்ளையும்தான். ஈய வெள்ளை நஞ்சு, அதை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. ரைற்றேனியம் குளிர்ச்சியாகவும் முரட்டுத்தனமாகவும் மூடும். அப்படியே போட்டால் தலைப்பாகைகள் எல்லாம் சலவைக்கடையில் இருந்து வந்தவை போல் இருக்கும். ஒரு துளி மஞ்சட்காவி சேர்த்து அதைத் தணித்தார்.

அடிப்பூச்சு டர்ப்பன்டைனில் கரைத்த மண்ணிறம், மெல்லியதாக. அதன்மேல் ஒளியும் இருளும் மட்டும். அது காய்ந்த பிறகே நிறம். மேலே போகப்போக ஆளிவிதை எண்ணெய் கூடவேண்டும். கீழே எண்ணெய் கூடி மேலே குறைந்தால் மேற்படை முதலில் காய்ந்து வெடிக்கும். வாகனங்களில் எனாமலுக்குப் பழகிய கைக்கு இந்தக் காத்திருப்பு கடினம். இன்னொரு பழக்கமும் இருந்தது: எல்லா உருவத்தையும் முடித்து, கடைசியில் கறுப்பு விளிம்பு கட்டுவது. கல்விக்கழக முறையில் தீட்டிய எண்ணெய் ஓவியத்தில் விளிம்பு கிடையாது. ஒரு நிறம் மற்றொன்றுக்குள் கரையும். விளிம்பைக் கைவிட மாஸ்டர் சம்மதித்தார். கண்களை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்வேன் என்றார். கோயில் உருவங்களுக்குக் கண் திறப்பது கடைசியில்தான். அதில் நான் தலையிடவில்லை. அவையோர் எல்லோருக்கும் ஒரே காலைப்பொழுதில் கண் வைத்தார், கடைசியாகச் சாமூதிரிக்கு.

செதுக்குப்படங்கள் இரண்டு

இரண்டாம் மூன்றாம் சுவர்களுக்கு அச்சுச் செதுக்குப்படங்களைத் தெரிந்தோம். ஒன்று, ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வன் ஸ்பில்பெர்கன் 1602இல் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்குப் போய் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்த காட்சி. பயணம் முடிந்த சில ஆண்டுகளுக்குள் அச்சான பயணக்குறிப்பில் வந்தது. நானூறு ஆண்டு இடைவெளியுள்ள படத்துக்குப் பக்கத்தில், ஏறக்குறைய அதே காலத்துப் படம் ஒன்று தொங்குவது பார்ப்பவருக்குப் பயன்படும் என்று நினைத்தேன். இங்கே அரசரும் வந்தவரும் கைபிடித்துச் சமமாக நிற்கிறார்கள். போர்த்துக்கேயரை விரட்ட அரசருக்குத் துணை தேவைப்பட்ட காலம் அது. கறுவாவுக்கு வழி தேடிய காலம் ஒல்லாந்தருக்கு.

மற்றது எங்கள் ஊரின் படம். பிலிப்பஸ் பால்தேயஸ் 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் இருந்த ஒல்லாந்தப் போதகர். அவருடைய பெரிய நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, கோப்பாய் என்று கோவிற்பற்றுத் (தேவாலயப் பங்கு) தேவாலயங்களின் படங்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. வட்டுக்கோட்டையை எடுத்தோம். "இது வந்திறங்கிய படம் இல்லையே" என்றார் வீட்டுக்காரர். போர்த்துக்கேயர் அமைத்த கோவிற்பற்றுகளை ஒல்லாந்தர் அப்படியே கையேற்று, பாடசாலையும் பதிவேடும் வைத்து ஆண்டார்கள். கப்பலைவிட இந்தக் கட்டடங்கள்தான் எங்கள் ஊர்களுக்கு வந்து தங்கியவை என்றேன். ஒத்துக்கொண்டார். நிறம் போடவேண்டும் என்ற ஆசையை மட்டும் மறுக்க நேர்ந்தது. மூலத்தில் நிறமில்லை. இளமஞ்சள் அடியில் கருமண்ணிற மையால் நீண்ட மயிர்த் தூரிகை கொண்டு கோடுகோடாகவே கீறப்பட்டன.

நான்காவது சுவர்

1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேராவின் படை யாழ்ப்பாண அரசை வீழ்த்தியது. அரசன் சங்கிலி குமாரன் பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் தொங்கும் வருகைப் படங்களின் வரிசையில் இது இல்லாமல் இருக்க முடியாது. ஆனால் நகலெடுக்கக்கூடிய படம் எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை.

மாஸ்டர் முதலில் கொண்டுவந்த பென்சில் மாதிரியைப் பார்த்ததும் எனக்கு வாண்டர்லினின் கொலம்பஸ் தெரிந்தது. உயர்த்திய கொடி, தாழ்த்திய வாள், மணலில் மண்டியிட்டவர்கள், மரத்தின் மறைவில் இருந்து பார்க்கும் உள்ளூரவர். கொலம்பஸுக்குப் பதில் ஒலிவேரா, மரத்துக்குப் பதில் பனை. திறமையான அமைப்பு. வீட்டுக்காரருக்கு மிகவும் பிடித்திருந்தது. மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் பொருத்தமாக இருக்கும் என்றார்.

பொருந்தாதது வரலாறு. ஒலிவேரா கப்பலில் வந்து மணலில் கொடி நட்டவரல்லர். மன்னாரில் இருந்து தரைவழியாகப் பூநகரிக்கு வந்து, கடல்நீரேரியைக் கடந்து உள்ளே நுழைந்தவர். அவருடன் வந்த படையில் பெரும்பங்கு லஸ்கரின் எனப்பட்ட இந்நாட்டுப் படையினர். போர்த்துக்கேயரைக் கண்டு யாழ்ப்பாணம் திகைத்து நின்ற முதல் நாளும் அது அல்ல. 1560இல் கொன்ஸ்தந்தீனோ டி பிரகன்சாவின் படையெடுப்பு. மன்னார் அவர்கள் கைக்குப் போனது அப்போது. 1591இல் அந்திரே புர்த்தாடோவின் படை வந்து எதிர்மன்னசிங்கத்தை அரியணையில் ஏற்றியது. அதற்குப் பிறகு இங்கே அரசர்கள் அவர்களுடைய நிழலில்தான் இருந்தார்கள். வந்திறங்கிய கணம் என்று சுட்ட ஒரு கணமே யாழ்ப்பாணத்துக்கு இல்லை. அறுபது ஆண்டாக அழுத்திய ஒன்று 1619இல் முடிந்தது. கடற்கரையும் கொடியும் போட்டால் அந்த அறுபது ஆண்டும், லஸ்கரின்களும், உள்ளூர்ப் பிரிவினைகளும் ஒரேயடியாகத் துடைபட்டுப் போகும். நாங்களே எங்கள் வரலாற்றின் ஓரத்தை வெட்டியதாகும்.

இதைச் சொன்னபோது மாஸ்டர் மாதிரியை மடித்து வைத்துவிட்டு, நீரேரியைப் போய்ப் பார்க்கலாம் என்றார். போனோம். இன்று சங்குப்பிட்டிப் பாலத்தில் நின்றால் இரு கரையும் தெரிகின்றன: ஆழமற்ற நீர், சேறு, நீண்டு தட்டையாகக் கிடக்கும் கரை, பனை. கப்பல் ஓவியங்களின் அலை எதுவும் இங்கே இல்லை. அவர் தெரிந்தெடுத்த பார்வை யாழ்ப்பாணக் கரையில் நிற்பவரின் பார்வை. தட்டையான நீரின் மேல் வள்ளங்களும் தோணிகளும் இந்தப் பக்கம் வருகின்றன. அவற்றில் நெருங்கி நிற்பவர்களில் பெரும்பாலோர் நிறத்தில் கரையில் நிற்பவர்களைப் போன்றவர்கள். தலைக்கவசங்கள் சில. சங்கிலியின் முகம் படத்தில் இல்லை. அவனுடைய உருவப்படம் நம்மிடம் இல்லை. நல்லூர் முத்திரைச்சந்தியில் குதிரை மேல் வாளேந்தி இருக்கும் சிலை இருபதாம் நூற்றாண்டின் கற்பனை. தென்னாபிரிக்காவின் நாணயத்தாள்களில், அங்கே ஒல்லாந்தக் குடியேற்றத்தைத் தொடங்கிய வன் ரீபெக் என்று பல ஆண்டுகள் அச்சான முகம் வேறொருவருடையது என்று பிற்பாடு தெரியவந்தது. முகம் இல்லாத இடத்தில் முகம் போடவேண்டாம் என்று மாஸ்டரே முடிவெடுத்தார். கரையில் நிற்பவர்களை முதுகுப்பக்கமாகக் கீறினார். அந்தத் துணியில் விளிம்பும் கட்டினார். இது என் படம், என் கை என்றார். நான்கிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சுவரும் மாரியும்

பழைய வீட்டின் சுண்ணாம்புச் சுவர் ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் குடிக்கும். வெளிச்சுவரில் மாட்டிய துணியின் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே எண்ணெய் ஓவியங்கள் இரண்டும் உட்சுவர்களுக்குப் போயின. சட்டத்தின் நான்கு மூலையிலும் சிறு மரத்துண்டு வைத்து, சுவருக்கும் துணிக்கும் இடையே காற்றுப் போக வழிவிடப்பட்டது. மேற்பூச்சு இன்னும் பூசப்படவில்லை. எண்ணெய் தொடுவதற்குக் காய்ந்தாலும் உள்ளே காய ஆறு மாதத்துக்குக் குறையாமல் எடுக்கும். மாரி முடிந்து வெயில் நிலைத்த பின் பூசுவதாகப் பேச்சு.

கீழே எழுதும் வாசகத்துக்கு ஒரே விதி: நடந்த ஆண்டும் தீட்டிய ஆண்டும் ஒரே அளவு எழுத்தில். முதற்படத்தின் கீழ் 1498 நிகழ்வு, 1898 லிஸ்பன் ஓவியம், அதன் நகல் என்று இருக்கிறது. அடுத்த வரியில் பரிசுப்பொருள்களின் பட்டியலும் அதிகாரிகள் சிரித்ததும் சுருக்கமாக. நின்று வாசிப்பவர்கள் மறுபடி தலையை நிமிர்த்திப் படத்தில் அந்தச் சிரிப்பைத் தேடுகிறார்கள். நான்காவதன் கீழ் நகல் என்ற சொல் கிடையாது. 1619 நிகழ்வு, தீட்டிய ஆண்டு, மாஸ்டரின் பெயர். அழகு கெடும் என்று பெயரை விட்டுவிட வீட்டுக்காரர் விரும்பினார். பெயரும் ஆண்டும் இல்லாவிட்டால் நாளைக்கு இதைப் பழைய போர்த்துக்கேயப் படம் என்று யாராவது புத்தகத்தில் போட்டுவிடுவார்கள் என்றார் மாஸ்டர். பெயர் ஏறியது.

விடுதிக்கு வந்துபோன ஓர் ஆசிரியர் இப்போது அந்த நான்காவது படத்தைத் தம்முடைய பாடசாலை மண்டபத்துக்கு நகலெடுத்துத் தரக் கேட்டிருக்கிறார். மாஸ்டர் சம்மதித்திருக்கிறார். மூன்று நிபந்தனைகள் சொல்லியிருக்கிறார்: அளவு வேறாக இருக்கவேண்டும், நகல் என்று எழுதவேண்டும், 1619க்குப் பக்கத்தில் தம்முடைய மூலப்படம் தீட்டிய ஆண்டும் வரவேண்டும்.